குதிரைகள் மேயும் தீவு

கேள்வி: யாழ்ப்பாணம் போகிறோம். கையைக் கடிக்காமல் ஒருநாள் போய்வர, கூட்டமில்லாத பழைய தீவு ஏதாவது உண்டா?

பதில்: நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தில் அதிகாலையில் பஸ் பிடித்தால், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலைக் கிழித்துப் போகும் சாலையில் குறிகட்டுவான் இறங்குதுறை வந்துவிடும். அங்கிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். படகுகள் ஒரு நாளில் சில தடவைதான் ஓடும். முதல் படகில் ஏறுவதே புத்திசாலித்தனம். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கடல் கொந்தளிக்கும் நாளில் இந்தத் திட்டமே வேண்டாம்.

உள்ளே நடந்து தீர்க்க முடியாது. தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். உண்மையான செலவு ஆட்டோதான். நாலைந்து பேராகச் சேர்ந்து, ஏறுமுன்பே பேரம் பேசி, கட்டணத்தைப் பகிர்ந்தால் சுமை குறையும்.

பார்க்க என்ன இருக்கிறது? பவளப்பாறைக் கற்களால் எழும்பிய கோட்டையின் சிதைவு, தூது போன புறாக்கள் தங்கிய கூண்டு, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம். ஆள் உள்ளே நுழைந்து நிற்குமளவு பொந்து அதற்கு! எல்லாவற்றையும்விட, ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் வெட்டவெளியில் கட்டாக்காலியாய் மேய்கின்றன. வீட்டு வேலிகள்கூடப் பவளக்கல் அடுக்கியவைதான்.

நிழலும் நல்ல தண்ணீரும் அரிது. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கட்டுச்சோறு மூன்றும் பையில் இருக்கட்டும்.