துளையிடாத பிடி

பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் ஒரு வாகனப் பட்டறை இருந்தது. பள்ளி விடுமுறையின்போது, பதினேழு வயது மாணவன் ஒருவன் அங்கு வேலை பழக வந்திருந்தான். பட்டறையின் உரிமையாளர் அவனுடைய தாய்மாமா.

பட்டறையின் ஓரத்தில் நின்ற பழைய சுசுகி ஜிம்னி அவன் கண்ணைக் கவர்ந்தது. அது மாமா வார இறுதிகளில் காட்டுப் பாதைகளில் ஓட்டும் நான்கு சக்கர இயக்க வாகனம். அதன் கூரை துணியால் ஆனது. கதவுகளிலோ ஒலிபெருக்கி பொருத்த இடமில்லை. "இந்த வண்டியில் பாட்டுக் கேட்க நான் வழி செய்கிறேன், மாமா," என்றான் அவன். மாமாவும் மகிழ்ச்சியுடன் இசைந்தார்.

இருக்கைகளுக்குப் பின்னால், வாகனத்தின் குறுக்கே சென்ற தடித்த எஃகுக் குழாய் அவனுக்கு ஏற்ற இடமாகத் தோன்றியது. அதில் நான்கு துளைகளைப் போட்டு, நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் போதும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அவன் துளையிடும் கருவியைக் கையிலெடுத்தான். அதன் முனை குழாயைத் தொடும் நேரத்தில், மாமா விரைந்து வந்து மின்விசையை அடைத்தார்.

"பொறு தம்பி! இது என்ன குழாய் என்று தெரியுமா?"

"கூரையைத் தாங்கும் குழாய்தானே, மாமா?"

"இல்லை. வண்டி கவிழ்ந்தால் நம் உயிரைத் தாங்கும் குழாய்."

கூண்டின் பணி

மாணவன் துளையிட முனைந்த குழாய், ரோல் கேஜ் எனப்படும் பாதுகாப்புக் கூண்டின் ஒரு பகுதியாகும். சேறும் பாறையும் செங்குத்துச் சரிவும் நிறைந்த பாதைகளில் செல்லும் வாகனம் எந்நேரமும் கவிழக்கூடும். 1997-ஆம் ஆண்டு மலேசியாவில் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போன்ற கரடுமுரடான பாதைப் போட்டிகளில், இத்தகைய கூண்டு பொருத்திய வாகனங்களைக் காணலாம். வாகனம் தலைகீழாகப் புரண்டாலும், உள்ளே இருப்பவர்களைச் சுற்றியுள்ள வெளி நசுங்காமல் காப்பதே கூண்டின் பணி.

கூண்டின் குழாய் உள்ளே வெற்றிடம் கொண்டது. அதன் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஆயினும், இடையறாது தொடரும் வட்ட வடிவம் அதற்கு வலிமையைத் தருகிறது. அதில் ஒரு துளையிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுபடுகிறது. குழாய் வளைய நேரும்போது, விசை அத்துளையின் விளிம்பில் குவிகிறது. விரிசலும் அங்கிருந்தே தொடங்குகிறது. அஞ்சல் தலைகளுக்கு இடையே வரிசையாகத் துளைகள் இருப்பதால்தான் அவற்றை எளிதாகக் கிழித்தெடுக்க முடிகிறது. தாளில் நமக்கு உதவும் அதே துளை, எஃகில் நமக்குப் பகையாகிவிடுகிறது.

மேலும், துளையின் வழியே மழைநீர் குழாய்க்குள் புகுந்தால், உட்புறம் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். பற்றவைப்பதும் இதற்குத் தீர்வாகாது. அந்தச் சூடு சுற்றியுள்ள எஃகின் தன்மையை மாற்றிவிடும். அனைத்துலக வாகன விளையாட்டுப் போட்டிகளின் விதிகளும், சான்றளிக்கப்பட்ட கூண்டில் இத்தகைய நிரந்தர மாற்றங்களைச் செய்யத் தடை விதிக்கின்றன.

"அப்படியானால் ஒலிபெருக்கி பொருத்தவே முடியாதா, மாமா?" என்று மாணவன் ஏமாற்றத்துடன் கேட்டான்.

"முடியும். ஆனால், கூண்டிலிருந்து எதையும் குறைக்கக் கூடாது. அதனுடன் எதையும் பற்றவைக்கவும் கூடாது. நாளை கழற்றி எடுத்தால், கூண்டு இன்று இருப்பதுபோலவே இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று நீயே யோசி."

எடையும் விசையும்

அன்று மாலை மாணவன் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தான். குழாயைத் துளைக்காமல், வெளியிலிருந்து இறுகப் பற்றும் கவ்வி ஒன்றைச் செய்வதென முடிவெடுத்தான். அந்தக் கவ்வி எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும்? ஒலிபெருக்கியும் அதன் பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோகிராம் இருக்கும். மூன்று கிலோ அரிசிப் பையைத் தாங்கும் கவ்வி போதுமென அவன் எண்ணினான்.

மாமா அவனுக்கு இயற்பியல் பாடத்தை நினைவூட்டினார். வாகனம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று மரத்தில் மோதி, 0.1 விநாடியில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். அந்த வேகம் 0.1 விநாடியில் சுழியமாகும்போது, வேகத் தளர்ச்சி ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 139 மீட்டர் குறையும் வீதத்தில் அமைகிறது. விசை என்பது பொருண்மையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எனவே, 3 கிலோகிராம் பெட்டியின் மீது 417 நியூட்டன் விசை செயல்படும். அதாவது, ஏறத்தாழ 42 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான விசையை அக்கணத்தில் கவ்வி தாங்க வேண்டும். தாங்காவிட்டால், பாட்டுப் பாடிய பெட்டியே முன்னிருக்கையில் இருப்பவரின் தலையைத் தாக்கும்.

இந்தக் கணக்கு மாணவனின் திட்டத்தையே மாற்றியது. ஒரு பெட்டிக்கு ஒரு கவ்வி என்பதை இரண்டாக்கினான். கவ்வி தவறினாலும் பெட்டி பறக்காதிருக்க, மெல்லிய எஃகுக் கம்பி வடம் ஒன்றால் பெட்டியைக் கூண்டுடன் பிணைக்கவும் முடிவு செய்தான். பெட்டிகளைத் தலைக்கு நேராக வைக்காமல், குறுக்குக் குழாயின் இரு ஓரங்களுக்கு நகர்த்தினான். ஓட்டுநர் பின்னோக்கும் கண்ணாடியில் பார்ப்பதையும், பயணிகள் வெளியேறும் வழியையும் அவை மறைக்கவில்லை என்பதை இருக்கையில் அமர்ந்து பார்த்து உறுதிசெய்துகொண்டான்.

கவ்வி உருவாதல்

குழாயின் விட்டத்தை எப்படி அளப்பது? மாணவன் ஒரு தாள் நாடாவைக் குழாயைச் சுற்றி வைத்துக் குறியிட்டான். சுற்றளவு 140 மில்லிமீட்டர். அதனைப் பையின் மதிப்பான 3.14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44.6 கிடைக்கிறது. வெர்னியர் அளவியால் அளந்தபோது விட்டம் 44.5 மில்லிமீட்டர் எனத் தெரிந்தது. அது கூண்டுகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஒன்றே முக்கால் அங்குலக் குழாய்.

மாமாவின் மேற்பார்வையில், தடித்த அலுமினியக் கட்டையில் கடைசல் இயந்திரத்தால் ஒரு வட்டத் துளை போடப்பட்டது. பிறகு, அக்கட்டை நடுவில் இரண்டாக அறுக்கப்பட்டது. இரு பாதிகளும் குழாயின் இரு பக்கமும் அமர்ந்து, போல்ட்டுகளால் இணையும். உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருக்க, இடையில் 1.5 மில்லிமீட்டர் ரப்பர் வைக்கப்பட்டது. ரப்பர் வழுக்கலைத் தடுக்கும், அதிர்வைக் குறைக்கும், ஈரத்தில் அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொடுவதால் ஏற்படும் அரிப்பையும் தவிர்க்கும்.

முதல் கவ்வியைப் பொருத்தி, போல்ட்டுகளை முழு பலத்துடன் முடுக்கினான். இரு பாதிகளும் அழகாக ஒன்றுசேர்ந்தன. ஆனால், கையால் தள்ளியதும் கவ்வி குழாயைச் சுற்றிச் சுழன்றது. மாணவன் திகைத்தான்.

"நன்றாகப் பார். பாதிகள் இரண்டும் முட்டிக்கொண்டிருக்கின்றன. நீ எவ்வளவு முடுக்கினாலும், அவை ஒன்றையொன்று இறுக்குமே தவிர, குழாயை இறுக்கா," என்றார் மாமா.

எளிதாக நுழையட்டும் என்று அவன் துளையை 50 மில்லிமீட்டர் அகலமாகப் போட்டிருந்தான். குழாயின் 44.5 மில்லிமீட்டருடன் இருபுறமும் உள்ள ரப்பரின் 3 மில்லிமீட்டரைச் சேர்த்தால் 47.5-தான் வருகிறது. இரண்டாம் முறை துளையைச் சரியாக 47.5 மில்லிமீட்டர் அளவில் போட்டான். அறுக்கும்போது வாள் தின்ற 2 மில்லிமீட்டர், இப்போது இரு பாதிகளுக்கும் இடையே இடைவெளியாக நின்றது. போல்ட்டை முடுக்க முடுக்க, அந்த இடைவெளி குறைந்து பிடி இறுகியது. மாணவன் தொங்கிப் பார்த்தும் கவ்வி அசையவில்லை.

ஒலிக்கு ஒரு வீடு

ஒலிபெருக்கியை வெறுமனே கவ்வியில் மாட்டினால் போதாது. அதன் கூம்பு முன்னே தள்ளும்போது, முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. திறந்த வெளியில் இவ்விரு அலைகளும் கலந்து, குறிப்பாகத் தாழ்ந்த ஓசைகளில், ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பறையின் அதிர்வு கேட்க வேண்டிய இடத்தில் தகரத்தின் சத்தம்தான் கேட்கும். மூடிய பெட்டி, பின்புற அலையை உள்ளேயே அடைத்துவைக்கிறது.

அதற்காக, நீரைத் தாங்கும் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் பெட்டிகள் செய்யப்பட்டன. மூலைகள் உருட்டித் தேய்க்கப்பட்டன. இணைப்புகள் பசையால் அடைக்கப்பட்டன. பெட்டியைக் கவ்வியுடன் இணைக்க மரத் திருகாணிகளைப் பயன்படுத்தாமல், பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளும் அகன்ற வாஷர்களும் பயன்படுத்தப்பட்டன. பெரும் அதிர்ச்சியில் திருகாணி பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மின்கம்பி இணைப்பிலும் கவனம் தேவைப்பட்டது. ஒலிபெருக்கிகளை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் 120 வாட் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அதற்கு 10 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. எனவே, மின்கலத்திலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் 15 ஆம்பியர் உருகி பொருத்தப்பட்டது. கம்பி எங்கேனும் உரசி வெறுமையானால், தீப்பிடிக்கும் முன்பே உருகி அறுந்து மின்னோட்டத்தை நிறுத்திவிடும்.

வெள்ளைக் கோடு

எல்லாம் முடிந்ததும், மாமா ஒரு சிறு தூரிகையால் ஒவ்வொரு நட்டின் மீதும் தொடங்கி, கவ்வி வரை நீளுமாறு வெள்ளைச் சாயத்தில் கோடு இழுத்தார். நட்டு சற்றே தளர்ந்தாலும் அக்கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

வாகனம் செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையில் இருபது நிமிடம் குலுங்கி ஓடித் திரும்பியது. மாணவன் கைவிளக்குடன் ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். ஏழு கோடுகள் நேராக இருந்தன, எட்டாவது முறிந்திருந்தது. அந்த நட்டை மட்டுமன்றி எட்டையும் கழற்றி, அதிர்வில் தளராத நைலான் வளையம் கொண்ட நட்டுகளை மாட்டினான். மறுநாள் அதே பாதையில் மீண்டும் ஓட்டினார்கள். இம்முறை எட்டுக் கோடுகளும் நேராகவே இருந்தன.

பாட்டு ஒலித்தது. மாணவன் ஒலியைக் கூட்டக் கை நீட்டினான். மாமா தலையசைத்து மறுத்தார். காட்டுச் சரிவில் ஒருவர் இறங்கி நின்று வழிகாட்டும்போது, 'நிறுத்து' என்ற அவருடைய குரல் ஓட்டுநரின் காதில் விழ வேண்டும்.

புறப்படும் முன், மாணவன் குறுக்குக் குழாயை ஒருமுறை தடவிப் பார்த்தான். துளையிடும் கருவியின் முனை தொட இருந்த இடம், வண்ணம் கூடக் கலையாமல் வழவழப்பாக இருந்தது.