சுமக்கும் உயிருக்கும் உரிமை உண்டு
கப்படோக்கியா குதிரைப் பயணம் தரும் பாடம்



பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்து மறைந்தவர்களின் முடிவைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அறிவுறுத்துகிறது. எனவே பயணம் நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல, ஒரு பாடமும்கூட. அந்தப் பாடத்தில் நாம் பெரும்பாலும் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி ஊர் திரும்பியதும் நிறையப் பேசுகிறோம். நம்மை அங்கே சுமந்து சென்ற உயிரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இம்மாதப் பாடத்தில் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

உம்ராவுக்குச் செல்வோரில் சிலர் இப்போது துருக்கியையும் சேர்த்துப் பார்த்து வருகிறார்கள். அவர்களின் பட்டியலில் கப்படோக்கியா கட்டாயம் இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு வானில் மிதக்கும் பலூன்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மலைப் பள்ளத்தாக்குகளைக் குதிரையில் சுற்றிப் பார்க்கும் விடுமுறைப் பயணங்களும் அங்கே வெகுவாக நடக்கின்றன. மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவோரும் உண்டு. ஒரு வாரம் முழுவதும் ஊர் ஊராகச் சவாரி செய்வோரும் உண்டு.

நிலமும் இடிபாடும்

கப்படோக்கியா, துருக்கியின் நடுப்பகுதியில் அனத்தோலியா மேட்டுநிலத்தில் இருக்கிறது. எர்ஜியஸ், ஹசன் ஆகிய மலைகள் உட்பட அங்குள்ள எரிமலைகள் பன்னெடுங்காலத்துக்கு முன் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையாயிற்று. மழையும் காற்றும் அதை அரித்துக் கூம்புகளாகவும் தூண்களாகவும் செதுக்கின. எர்ஜியஸ் சிகரத்தின் உயரம் 3,900 மீட்டருக்கும் மேல். அதன் உச்சியில் பனியைப் பார்த்தபடியே கீழே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குதிரைகள் நடக்கின்றன.

பாறை மென்மையாக இருந்ததால் மனிதர்கள் அதைக் குடைந்து வீடுகளும் களஞ்சியங்களும் புறாக்கூடுகளும் அமைத்தார்கள். கிறிஸ்தவத் துறவிகள் தேவாலயங்களைக் குடைந்து சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். கோரமே பள்ளத்தாக்கும் அதைச் சுற்றியுள்ள பாறைத் தலங்களும் 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. டெரின்குயு என்ற ஊரில் தரைக்குக் கீழே ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம்வரை ஒரு நகரமே குடையப்பட்டுள்ளது. படையெடுப்பு வந்தால் மக்கள் உள்ளே இறங்கி, வட்டக் கல்லை உருட்டி வழியை அடைத்துக்கொள்வார்கள். அந்த நகரத்தின் மேல் தளத்தில் கால்நடைத் தொழுவம் இருந்தது. உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்த வேளையிலும் அவர்கள் தங்கள் கால்நடைகளை வெளியே விட்டுவிடவில்லை.

கப்படோக்கியா என்றால் ‘அழகிய குதிரைகளின் நாடு’ என்று வழிகாட்டிகள் பொருள் சொல்வார்கள். இந்தப் பொருளை அறிஞர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் அந்நாடு குதிரைக்குப் பேர்போனது என்பதில் ஐயமில்லை. பாரசீகப் பேரரசுக்கு ஆண்டுதோறும் 1,500 குதிரைகளும் 2,000 கோவேறு கழுதைகளும் அங்கிருந்து திறையாகச் சென்றதாகப் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

குதிரையின் ஒரு நாள்

பல நாள் பயணத்தில் ஒரு குதிரை தினமும் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஓர் ஆளைச் சுமந்து நடக்கிறது. நமக்கு அது உல்லாசம், அதற்கோ அது உழைப்பு. அந்த உழைப்பின் அளவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 400 கிலோ எடையுள்ள மலைக்குதிரை என்றால் சேணத்தையும் சேர்த்து 80 கிலோ. சேணம் 10 கிலோ என்று வைத்தால் ஆளுக்கு 70 கிலோதான் மிச்சம். நல்ல நிறுவனங்கள் முன்பதிவின்போதே நம் எடையைக் கேட்பது இதற்காகத்தான். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் அந்தப் பொய்யின் சுமை குதிரையின் முதுகில்தான் விழும்.

குதிரையின் உடல் பெரியது, இரைப்பையோ சிறியது. அது ஒரே வேளையில் வயிறு நிரம்பத் தின்றுவிட்டு நாள் முழுவதும் நடக்கும் பிராணி அல்ல. சிறிது சிறிதாக நெடுநேரம் மேய வேண்டும். வெயில் நாளில் 40 லிட்டர் தண்ணீருக்கும் மேல் குடிக்கும். அதனால் வாந்தி எடுக்க இயலாது. தீவனம் ஒத்துக்கொள்ளாமல் வரும் வயிற்று வலி அதன் உயிரையே பறித்துவிடக்கூடும். அதனால்தான் குதிரைக்காரரைக் கேட்காமல் நம் கையிலிருக்கும் பிஸ்கட்டையோ ரொட்டியையோ ஊட்டக்கூடாது என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

செங்குத்தான இறக்கத்தில் வழிகாட்டி நம்மை இறங்கி நடக்கச் சொல்வார். “காசு கொடுத்தது சவாரிக்குத்தானே?” என்று அப்போது முணுமுணுக்கக்கூடாது. இறக்கத்தில் குதிரையின் முன்னங்கால்களுக்குச் சுமை கூடுகிறது. அந்தப் பத்து நிமிட நடை நாம் அதற்குக் கொடுக்கும் ஓய்வு.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்வதற்கும் அழகுக்கும் படைத்ததாக அல்லாஹ் ஸூரத்துந் நஹ்லில் கூறுகிறான். ஆகவே குதிரையில் ஏறி மகிழ்வது நமக்கு அனுமதிக்கப்பட்டது. எனினும் அந்த அனுமதியோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வாயில்லா ஜீவன் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

பேசிக்கொண்டு நிற்பதற்காக வாகனப் பிராணியின் முதுகை இருக்கையாக்கிக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பசுமையான நிலத்தின் வழியே போகும்போது ஒட்டகத்துக்கு அந்நிலத்திலிருந்து அதன் பங்கைக் கொடுக்குமாறு ஏவினார்கள். பட்டினி போட்டு வேலை வாங்கப்பட்ட ஒட்டகம் ஒன்றைக் கண்டு, அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். தோழர்களின் வழக்கமும் இதை ஒட்டியே இருந்தது. தங்குமிடம் சேர்ந்ததும் வாகனங்களின் சுமையை இறக்கிய பிறகுதான் அவர்கள் உபரித் தொழுகையில் ஈடுபட்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம்.

இன்று கப்படோக்கியாவில் முகாம் சேர்ந்ததும் முதலில் வயிற்று வாரைத் தளர்த்திச் சேணத்தை இறக்குகிறார்கள். அதன் பிறகுதான் தேநீர். இந்த ஒழுங்கு நமக்குப் புதியதல்ல.

மலைவழியில் ஒரு வக்ஃபு

கோரமேயிலிருந்து சாவுஷின் வழியாகப் போனால் கிஸில் இர்மாக் ஆற்றங்கரையில் அவானோஸ் என்ற ஊர் வரும். செம்மண் பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில், வெட்டவெளியில், மஞ்சள் கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. பெயர் சாரிஹான். 1249இல் ஸல்ஜூக் ஆட்சியில் கட்டப்பட்ட பயணியர் சத்திரம். அக்ஸராய் அருகிலுள்ள சுல்தான் ஹான் இதைவிடப் பழையது, பெரியது. சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் 1229இல் கட்டியது. அதன் முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின் மேல் உயர்த்திக் கட்டிய சிறு பள்ளிவாசல் இருக்கிறது.

வணிகக் கூட்டம் ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவுக்கு ஒன்றாக, ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டருக்கு ஒரு சத்திரம் இருந்தது. அந்தத் தொலைவைச் சுமையுடன் நடந்த பிராணியின் கால்கள்தான் தீர்மானித்தன.

அத்தகைய சத்திரங்களில் ஒன்றின் வக்ஃபுப் பத்திரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கைஸரி நகருக்குக் கிழக்கே உள்ள கராதாய் ஹான்தான் அது. அடிமையாக இருந்து விடுதலை பெற்று அமைச்சராக உயர்ந்த ஜலாலுத்தீன் கராதாய் 1240களில் அதை வக்ஃபு செய்தார். அங்கே வரும் பயணி முஸ்லிமா அல்லாதவரா, சுதந்திரமானவரா அடிமையா, ஆணா பெண்ணா என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே உணவு தரவேண்டும் என்று பத்திரம் விதிக்கிறது. ஜும்ஆ இரவில் தேன் கலந்த இனிப்பு, நோயுற்றவருக்கு மருத்துவம், ஏழைக்குக் காலணி என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் விலங்குகளுக்கான தீவனத்துக்கும் இடமிருக்கிறது.

நம் கவனத்துக்குரியது இதுதான். ஒரு மனிதர் தன் சொத்தை அல்லாஹ்வுக்காக ஒதுக்கும்போது, பெயர் தெரியாத பயணியையும் அவர் ஏறி வரும் பெயரில்லாப் பிராணியையும் ஒரே பத்திரத்தில் நினைத்தார். பசித்தவனின் தட்டோடு குதிரையின் தொட்டியும் தர்மத்தின் கணக்கில் வந்தது.

நம் கரையில் இறந்த குதிரைகள்

அதே நூற்றாண்டில் நமது கடற்கரையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தாமிரபரணி கடலோடு சேரும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்துக்கு ஹுர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பாண்டிய மன்னர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வேதனையான செய்தியைப் பதிவு செய்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்கிறார். குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கு வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை!

அவர் சொன்ன எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். பாடம் மாறாது. ஒரு பக்கம் தீவனத்தைப் பத்திரத்தில் எழுதி வைத்த கராதாய். மறுபக்கம் பொற்காசு கொட்டி வாங்கியும் பராமரிப்பில்லாமல் மாண்ட குதிரைகள். விலை கொடுத்துவிட்டதால் ஓர் உயிரின் உரிமை தீர்ந்துவிடுவதில்லை.

சேணத்தில் ஏறுமுன்

கப்படோக்கியா செல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆனால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நம் பிள்ளை குதிரையில் ஏற அடம்பிடிக்கும் நாள் வரும். எங்கும் பொருந்தும் சில குறிப்புகள்:

1. முதலில் முதுகைப் பாருங்கள். சேணம் அழுந்தும் இடத்தில் புண் இருந்தால் ஏறாதீர்கள். அங்கே வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் அவை பழைய புண்ணின் தடமாக இருக்கலாம்.

2. நடையைப் பாருங்கள். நொண்டினாலோ ஒவ்வோர் அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டாலோ காலில் வலி இருக்கிறது. லாடம் தளர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

3. விலா எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா, அருகில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஒரு குதிரையில் இருவராக ஏறாதீர்கள். படத்துக்காக ஓட்டச் சொல்லாதீர்கள், அடிக்கச் சொல்லாதீர்கள்.

5. பேரத்தில் வரம்பு வையுங்கள். நாம் அடித்துப் பேசிக் குறைக்கும் பணம் குதிரைக்காரரின் சோற்றிலிருந்தோ குதிரையின் தீவனத்திலிருந்தோதான் குறையும்.

6. நம் பாதுகாப்பும் அமானிதம்தான். தலைக்கவசம் கட்டாயம். குதிகால் உள்ள காலணி அணிந்தால் கால் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது. பெண்கள் தளர்வான நீண்ட கால்சட்டையின் மேல் இருபுறமும் பிளவுள்ள மேலாடை அணிந்தால் ஹிஜாபுக்கும் சவாரிக்கும் இடையூறில்லை. முந்தானையின் நுனி தொங்காமல் செருகிக்கொள்ள வேண்டும்.

குறை கண்டால் குதிரைக்காரரைச் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவே வசைபாடுவதில் பயனில்லை. பெரும்பாலும் அவரும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர். தனியாக அழைத்துச் சொல்லுங்கள். ஏறாமலே சிறு தொகையைக் கொடுத்து, “இன்று இதற்கு ஓய்வு கொடுங்கள்” என்று சொல்வதும் ஒரு ஸதகாதான். பச்சை ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உபகாரத்தில் நற்கூலி உண்டு என்பது நபிமொழியின் கருத்து.

இடிபாட்டின் உரிமை

நாம் பார்க்கப் போகும் இடிபாட்டுக்கும் இதே கணக்குதான். கப்படோக்கியாவின் தேவாலயச் சுவர்களில் பலர் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள், 1923இல் துருக்கியும் கிரேக்கமும் செய்த மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையால் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களும் அவ்வாறே தங்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் விட்டு வந்தார்கள். நாம் விட்டு வந்த பள்ளிவாசலின் சுவரை ஒருவர் கீறினால் நமக்கு எப்படி வலிக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும். ஓட்டுச் சில்லையும் பையில் போடாமல், சுவரில் கை வைக்காமல், பார்த்துப் படிப்பினை பெற்றுத் திரும்புவோம்.

பயணம் முடிந்து படங்களை எல்லோருக்கும் காட்டும்போது, நம்மைச் சுமந்த குதிரை மாலையில் எந்த நிலையில் லாயத்துக்குத் திரும்பியது என்பதையும் சொல்ல முடிந்தால் அந்தப் பயணம் நிறைவானது.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க

• நம் வீட்டிலோ தெருவிலோ நமக்காகச் சுமக்கும் உயிர்கள் எவை? அவற்றின் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

• வக்ஃபு எழுதும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தால், கராதாயைப் போல் யாரையெல்லாம் அதில் நினைப்போம்?

• சவாரிக்கு அடம்பிடிக்கும் பிள்ளையிடம், புண்பட்ட முதுகுள்ள குதிரையைக் காட்டி என்ன சொல்வோம்?

நம் பயணங்களை நன்மையாகவும், நம்மால் எந்த உயிருக்கும் தீங்கு நேராததாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.