கைக்கு அடக்கமான காமிரா

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. சட்டைப்பையில் அடங்கும் காமிரா இதற்குத் தக்க சான்றாகும். ஆயினும், சிறியன எல்லாம் சிறந்தன ஆகா. கடையில் வரிசையாக வைக்கப்பெற்றுள்ள கருவிகள் தோற்றத்தால் ஒத்திருப்பினும் தரத்தால் வேறுபடுவன. அவற்றுள் தக்கதனைத் தேர்ந்துகொள்ள விரும்புவோர், விலையையும் விளம்பரத்தையும் நோக்குமுன், அக்கருவியால் ஆற்ற வேண்டிய பணி யாதென நோக்குதல் வேண்டும்.

படமெடுக்கும் கருவி எக்காலத்தும் இவ்வாறு சிறியதாக இருந்ததில்லை. 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். பெட்டி போன்ற பெருங்கருவியும், முக்காலியும், மருந்து நீர்களும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பெற்றுள்ள சோழர் காலக் கல்வெட்டினை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். பின்னர் 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார்.

இத்துணைப் பெரிய சுமை சட்டைப்பைக்குள் அடங்கப் பல்லாண்டுகள் சென்றன. 1912-இல் கோடக் நிறுவனத்தார், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளத்தக்க காமிரா ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். முதல் உலகப் போரில் போர்வீரர் பலர் அதனைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். செருமனி நாட்டில் ஆஸ்கார் பர்னாக் என்பவர் இழைப்பு நோயால் வருந்தியவர். கனத்த காமிராவைச் சுமந்து மலையேறுதல் அவருக்கு இயலாததாயிற்று. எனவே, திரைப்படச் சுருளைக் கொண்டே படமெடுக்கும் சிறு கருவியொன்றை அவர் அமைத்தார். அதுவே லைக்கா என்னும் பெயருடன் 1925-இல் விற்பனைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. இந்நாளில் படச்சுருள் இருந்த இடத்தை, ஒளியை மின்குறியாக மாற்றும் ஒளியுணரி என்னும் சில்லு பிடித்துக்கொண்டது.

இத்தகைய கருவி ஒன்றுக்குரிய பணி எத்தகையது என்பதைக் கீழப்பழுவூரைக் கொண்டு தெளியலாம். அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள இவ்வூர், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற ஆலந்துறைத் திருக்கோயிலை உடையது. இதனைச் சூழ்ந்த பழுவூர்ப் பகுதி, சோழப் பேரரசருக்கு அடங்கி ஆண்ட பழுவேட்டரையர் என்னும் குறுநில மன்னருக்கு உரியதாயிருந்தது. மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் அவர்கள் காலத்து இரட்டைக் கோயில் உள்ளது. அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. வாரணவாசியில், பண்டு இந்நிலத்தைக் கடல் மூடியிருந்த காலத்து உயிர்களின் புதைபடிவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அம்மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகள் வருகின்றன. ஆகவே, இருண்ட மண்டபம், தேய்ந்த கல்லெழுத்து, கையளவான புதைபடிவம், தொலைவில் நீந்தும் பறவை என நால்வகைப் பொருள்கள் இங்குக் காமிராவின் தகுதியைச் சோதிக்கின்றன.

முதலாவது சோதனை இருளாகும். மழைநீரைச் சேர்க்க அகன்ற அண்டாவை வைப்பவன், குறுகிய செம்பை வைப்பவனினும் மிகுதியாகச் சேர்ப்பான். அதுபோலவே, பரப்பு மிகுந்த ஒளியுணரி மங்கிய ஒளியிலும் தெளிந்த படத்தைத் தரும். மலிவான சிறு காமிராக்கள் பலவற்றில் ஒளியுணரியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 2012-இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ். 100 என்னும் கருவியில் அது 116 சதுர மில்லிமீட்டர். 2019-இல் வெளிவந்த ரிக்கோ ஜி.ஆர். 3 என்பதிலோ ஏறத்தாழ 367 சதுர மில்லிமீட்டர். இவ்விரண்டும் கால் கிலோ அளவே எடையுள்ளவை. ஆதலின், கருவியை வாங்குமுன் முதற்கண் வினவத்தக்கது ஒளியுணரியின் அளவேயாம். நல்ல கைப்பேசியை முன்னரே உடையவர், அதனினும் பெரிய ஒளியுணரி இல்லாத காமிராவை வாங்குவதால் பெறும் பயன் சிறிதே.

விற்போர் பலர் இதனைக் கூறாது, படப்புள்ளிகளின் எண்ணிக்கையையே எடுத்துக் கூறுவர். அவ்வெண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் கூடாது. புத்தகப் பக்கத்தினும் பெரிய ஏ4 தாளில் ஒரு படத்தைத் தெளிவுற அச்சிட 87 இலட்சம் புள்ளிகள் போதும். மேற்கூறிய இரு கருவிகளும் 2 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை உடையன. அதற்கு மேல், சிறு ஒளியுணரியில் புள்ளிகளை நெருக்கி நிரப்புவதால் இருளில் விளையும் நன்மை இல்லை.

அடுத்து நோக்கத்தக்கது கண்ணாடி வில்லையின் துளை. இதனை எஃப் என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் குறிக்கும். எண் சிறுத்தால் துளை பெருகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். எஃப் 2 என்னும் துளை, எஃப் 4 என்னும் துளையினும் நான்கு மடங்கு ஒளியை உட்செலுத்தும். இதனோடு, கை நடுக்கத்தால் படம் கலங்காதவாறு காக்கும் அமைப்பும் கருவியில் இருப்பின், மண்டபத்துத் தூண் சிற்பங்களை முக்காலியின்றியே படமெடுக்கலாம்.

இரண்டாவது சோதனையாகிய கல்லெழுத்திற்குக் கருவியின் தரத்தோடு எடுப்பவரின் அறிவும் வேண்டும். மின்னொளியை நேரே பாய்ச்சினால் எழுத்தின் பள்ளமும் கல்லின் மேடும் ஒன்றாகி, எழுத்து மறையும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலால் தன்னைக் காட்டும். காமிராவைச் சுவருக்கு நேராகப் பிடித்து, அளவுகோல் ஒன்றையும் படத்தில் அடக்குதல் நன்று. எழுத்தைத் தெளிவாக்கும் பொருட்டு எண்ணெயோ சுண்ணமோ பூசுதல் கல்லுக்குக் கேடு விளைவிக்கும். கோயிலாரின் இசைவின்றிப் படமெடுத்தலும் தகாது.

மூன்றாவதாகிய புதைபடிவத்திற்கு, ஒரு சாணினும் குறைந்த தொலைவில் உள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும் வில்லை வேண்டும். நத்தைபோற் சுருண்ட அம்மோனைட்டின் வரிகள் அப்போதுதான் விளங்கும். மேற்கூறிய இரு கருவிகளும் இதற்கு ஏற்றவையே.

நான்காவது சோதனையிலேதான் கையடக்கக் காமிரா பின்னிடுகின்றது. பெரிய ஒளியுணரிக்கு நெடுந்தொலைவைக் கிட்டக் காட்டும் வில்லையைப் பொருத்தினால், அக்கருவி சட்டைப்பையில் அடங்காது. ரிக்கோ கருவிக்குத் தொலைவைக் கிட்டக் காட்டும் ஆற்றலே இல்லை. சோனி கருவிக்கு அது சிறிதளவே உண்டு. வில்லை நகர்ந்து பொருளைப் பெரிதாக்குதல் வேறு. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி நடுப்பகுதியை விரித்தல் வேறு. பின்னதனைப் பெருக்கம் என்று கூறி விற்பாரும் உளர். ஏரியின் நடுவே நீந்தும் வாத்தினை விரும்புவோர் பெரிய கருவியை நாடுதல் வேண்டும். கோயிலையும் கல்லையும் விரும்புவோர் சிறிய கருவியிலேயே நிறைவு பெறலாம். எல்லாப் பணிக்கும் ஏற்ற ஒரு கருவியைத் தேடுவோர், எப்பணிக்கும் முழுதும் உதவாத ஒன்றை வாங்கி வருந்துவர்.

இவற்றை எல்லாம் ஆய்ந்த பின்னரும், கருவியைக் கையில் ஏந்திப் பார்த்தல் இன்றியமையாதது. விரல்கள் விசைகளை எளிதில் எட்டுகின்றனவா, வெயிலில் திரை தெரிகின்றதா, மாற்று மின்கலம் கிடைக்குமா என்பவற்றைக் கடையிலேயே தெளிதல் நலம். கடைக்குள்ளேயே ஒளி குன்றிய மூலையொன்றைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கருவியின் உண்மைத் தரம் விளங்கிவிடும்.

டிரைப் படமெடுத்த கல்வெட்டு அரசர் பெருங்கோயிலைச் சார்ந்தது. சிற்றூர்க் கோயில்களின் சுவர்களிலும் ஊரார் அளித்த நிலமும், ஏற்றிய விளக்கும், செய்த அறமும் எழுதப்பட்டுள்ளன. மழையும் வெயிலும் அவ்வெழுத்துகளை நாள்தோறும் தேய்க்கின்றன. மணலை வீசித் தூய்மை செய்ததால் சில கோயில்களில் எழுத்துகள் மழுங்கியும் போயின. மழுங்கிய எழுத்தை மீட்க வல்ல கருவி எதுவும் இல்லை. மழுங்குமுன் படமாக்கிக் காக்கவல்ல கருவியோ ஒரு மாணவனின் சட்டைப்பையில் அடங்கும். அதனை அறிந்து தேர்ந்து, பணிவோடு பயன்படுத்துபவன், தன் ஊரின் பழைய ஏட்டிற்கு ஒரு படி எடுத்துவைத்தவன் ஆவான்.