திறக்கத் தாமதிக்கும் மடிக்கணினியும் இருமுறை சென்ற பணமும்

துலாவர்ஷ மழை இடியும் மின்னலுமாகப் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், கள்ளிக்காட்டைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார். சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர். முந்தைய நாள் உரக்கடைக்கு 18,400 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தபோது, திரை நீலநிறமாகிக் கணினி நின்றுவிட்டது. மீண்டும் அது திறப்பதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பணம் போயிருக்காது என்று எண்ணி மறுபடியும் அனுப்பினார். கணக்கை எடுத்துப் பார்த்தோம். இரண்டு முறையும் பணம் சென்றிருந்தது. கடைக்காரர் நேர்மையானவர் என்பதால் ஒரு தொகை மறுநாளே திரும்பி வந்தது. முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பியிருந்தால் அத்தனை எளிதாக முடிந்திராது.

ஆகவே கணினியைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லிவிடுகிறோம். பரிவர்த்தனையின் நடுவே கணினி நின்றுபோனால் மீண்டும் பணம் அனுப்பாதீர்கள். முதலில் கைப்பேசியிலோ கிளையிலோ கணக்கு விவரத்தைப் பாருங்கள். திரை அணைந்தது உங்கள் வீட்டில். வங்கிக்கு ஆணை வந்து சேர்ந்திருக்கலாம். ஐ.எம்.பி.எஸ். முறையில் உங்கள் கணக்கில் பற்று விழுந்து, பெறுநருக்கு வரவு ஆகாவிட்டால், அடுத்த நாளுக்குள் அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்தது.

இனி கணினிக்கு வருவோம். நாங்கள் வணிகவியல் படித்தவர்கள். கணினிப் பொறியாளர்கள் அல்லர். ஆனால் பிழை தேடுவது எங்களுக்குப் பழகிய தொழில். இருப்பாய்வு சமன்படாதபோது, அனுபவமுள்ள கணக்கர் உடனே பேரேட்டைப் புரட்டமாட்டார். முதலில் வேறுபாட்டுத் தொகையைப் பார்ப்பார். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அதன் பாதித் தொகை ஏட்டில் எங்கேனும் இருந்தால், அது தவறான பக்கத்தில் ஏறியிருக்கலாம். பிழையின் தன்மையே அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். கணினிக்கும் இது பொருந்தும்.

திரை திடீரென்று கறுத்து, எந்த அறிவிப்பும் இன்றி அணைகிறதா? மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஐயுறுங்கள். நெய்யாறு அணையைச் சுற்றிய மலையடிவார ஊர்களில் இடி இடித்தால் மின்சாரம் போவது வழக்கம். மின்கலம் செயலிழந்த மடிக்கணினி அந்த நொடியே அணைந்துவிடும். கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் பலமுறை இவ்வாறு நேர்ந்தால், விண்டோஸ் திறப்பதற்கே திணறத் தொடங்கும். மின்னல் நேரத்தில் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. அரைமணி நேரம் இயங்கியபின், விசிறி இரைச்சலிட்டு அணைந்தால் காரணம் பெரும்பாலும் வெப்பமே. ஈரக்காற்றில் தூசு பஞ்சுபோல் விசிறியில் ஒட்டிக்கொள்ளும். மெத்தையின்மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுப்போகும் வழியும் அடைபடும். அதைத் துடைத்தெடுப்பதற்குச் சிறு தொகையே ஆகும்.

நீலத்திரை தோன்றி நின்றால் கதை வேறு. சேமிப்பு வட்டு, நினைவகம், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக்கு முன் ஒரு வேலை உண்டு. இன்றியமையாத கோப்புகளையும் படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்துவிடுங்கள். பழுதாகிவரும் வட்டு எந்தத் தடவையோடு திறக்க மறுக்கும் என்று எவராலும் கூற இயலாது. பலர் முதலில் பழுதுநீக்கும் மென்பொருள்களை ஓடவிட்டு, வட்டின் மிச்ச உயிரையும் வாங்கிவிடுகிறார்கள்.

படியெடுத்தபின் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியோடு சேர்ந்து தாமாகவே எழும் செயலிகளின் பட்டியல் இருக்கும். அரட்டைச் செயலி, விளையாட்டு, என்றோ வாங்கிய அச்சுப்பொறியின் துணைச்செயலி போன்றவற்றை முடக்கலாம். வைரஸ் தடுப்பியை மட்டும் தொடவேண்டாம். பிறகு பெர்ஃபாமன்ஸ் பகுதியைப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போதும் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நெடுநேரம் நின்றால், தாமதத்தின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், எந்த நாளில் எது நின்றது என்பதைச் சிவப்புக் குறிகளோடு காட்டும் ஏடு ஒன்று திறக்கும். பலர் அறியாத இந்த ஏடு எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதுவும் ஒரு நாட்குறிப்பேடுதானே! சிவப்புக் குறிகள் ஒரு புதிய மென்பொருளை நிறுவிய நாளிலிருந்து தொடங்கினால், அதை நீக்கிப் பார்க்கலாம். சேஃப் மோடில் திறந்தபோது கணினி நிற்காமல் இயங்கினால், பிழை மென்பொருளிலோ இயக்கியிலோ இருக்கக்கூடும். அங்கும் நின்றால் பொருளில்தான் பழுது என்று ஓரளவு துணியலாம். விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள்.

கள்ளிக்காட்டு வாடிக்கையாளரின் கணினி சேஃப் மோடிலும் நின்றது. நினைவகத்தில் குறையில்லை. வட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டியது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் பழைய வன்தட்டு அது. பாறசாலையில் உள்ள பழுதுபார்ப்பவர், சுழலும் பாகம் எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. வட்டை அதன் இடத்தில் பொருத்தினார். இப்போது கணினி ஒரு நிமிடத்திற்குள் திறக்கிறது.

நாங்கள் உண்மையில் அஞ்சியது வேறொன்றுக்கு. அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே அழையுங்கள்’ என்று உலாவியில் தோன்றிய எண்ணை அதில் குறித்துவைத்திருந்தார். மகன் வெளியூரில் இருந்ததால் மாலையில் அழைக்கலாம் என்று விட்டுவைத்தாராம். அத்தகைய எண்ணில் பேசுபவர்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன்பின் உங்கள் திரை அவர்கள் கையில். இவ்வகைச் செயலிகள் வழி நிகழும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஏற்கெனவே அனுமதி தந்துவிட்டவர்கள் உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியை வீசிவிடத் தேவையில்லை. வங்கிப் பணிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனத்தின் வழியாகப் பிள்ளைகள் பயிலும் இலவச லினக்ஸ் இயங்குதளத்தையும் அதில் நிறுவிப் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கே அது தெரிந்திருக்கக்கூடும்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன், உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். கழற்றிய பழைய வட்டையும் கேட்டு வாங்குங்கள். நம் வாடிக்கையாளர் அதை வாங்க மறந்து வீடு போய்விட்டார். அதில் அவருடைய ஆதார், பான் படிகளும் மூன்றாண்டுக் கணக்கு விவரங்களும் இருந்தன. மறுநாள் பாறசாலைக்குப் பேருந்தில் போய் வாங்கி வந்தார்.