கல்விப் பயணமும் கித்மத்தும்

ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத தூரம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். கல்விக்காக ஊர் கடப்பது நம் மரபு.

இன்றும் அதற்கு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்க வெளியுறவுத் துறை பிற நாட்டு இளங்கலை மாணவர் தலைவர்களுக்காக நடத்தும் 'ஸ்டடி ஆஃப் தி யு.எஸ். இன்ஸ்டிட்யூட்ஸ்' திட்டம். 18 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சுமார் 5 வாரம் தங்கிப் படிப்பார்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. ஆகவே, இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். மாணவர்களைப் பரிந்துரைப்பவை அமெரிக்கத் தூதரகங்களே. எந்த நாட்டினர் சேரலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

'தலைவர்' என்ற சொல்லைக் கண்டு பிள்ளைகள் தயங்க வேண்டாம். மதிப்பெண்ணும் ஆங்கிலமும் தேவைதான். அதோடு சமூகப் பணியில் காட்டிய ஈடுபாட்டையும் பார்க்கிறார்கள். முன்பு வெளிநாடு சென்றிராதவர்களுக்கு முன்னுரிமை உண்டு. படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பியாக வேண்டும்.

எனவே, கல்லூரியின் முதலாண்டிலேயே மகனோ மகளோ மஹல்லாவில் மாலை வகுப்பு எடுக்கட்டும், இரத்ததான முகாமில் நிற்கட்டும். மகளை அனுப்புவதில் மஹ்ரம் குறித்த கேள்வி எழுந்தால் ஆலிமிடம் கலந்து முடிவெடுங்கள். வாய்ப்பு கிடைக்காவிட்டாலும் செய்த கித்மத் வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.