மாமியாருக்குச் சர்க்கரைவள்ளி தரலாமா?

கேள்வி: தை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அடிக்கடி சீனிக்கிழங்குதான். அவித்து வைத்தால் 4 வயது மகன் விரும்பிச் சாப்பிடுகிறான். மாமியாருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். மண்ணுக்கடியில் விளைவது எதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, தொடவே பயப்படுகிறார். ஆனால் ஆசை இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவருக்குத் தரலாமா? பையனுக்கு இதில் என்ன சத்து கிடைக்கும்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தரலாம் அம்மா. வயதானவரை ஏங்க வைக்கத் தேவையே இல்லை. ஆனால் எதற்குப் பதிலாகத் தருகிறீர்கள், எப்படிச் சமைக்கிறீர்கள் என்ற இரண்டிலும் கண்டிப்பாக இருங்கள்.

அவித்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 18 கிராம். அதே எடைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம். நார்ச்சத்தும் கிழங்கில்தான் அதிகம். ஆகவே இரவுச் சோற்றையோ இட்லியையோ குறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு கிழங்கு வைத்தால் நல்லது. வழக்கமான சாப்பாட்டையும் முடித்து, அதற்கு மேல் கிழங்கு என்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். புரதம் இதில் 2 கிராம்கூடத் தேறாது. கூடவே பாசிப்பயறுச் சுண்டலோ முட்டையோ இருக்கட்டும்.

இனி சமையல். இந்தக் கிழங்குக்குள்ளேயே மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும் நொதி இருக்கிறது. மெல்ல மெல்லச் சூடேறினால் அது நெடுநேரம் வேலை செய்யும். தணலில் சுட்ட கிழங்கின் தோலில் பிசுபிசுவென்று பாகு கசிகிறதே, அது இப்படி வந்ததுதான். ஜமைக்காவில் 10 ரகங்களை வைத்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு, அவித்த கிழங்குக்கு 50-ஐத் தாண்டவில்லை. அடுப்பில் சுட்டதற்கு 80-க்கு மேலும் போனது. மாமியாருக்கு அவித்தது மட்டும் போதும். மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு அவியுங்கள். வெல்லம் சேர்க்க வேண்டாம்.

மகனுக்கு வருகிறேன். நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது உள்ளே வெள்ளையாக இருக்கும் கிழங்கு. தோல் சிவப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வெட்டிப் பாருங்கள். சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால்தான் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது என்று பொருள். உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். அது குறைந்தால்தான் மாலைக்கண் வருகிறது. மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க ஆரஞ்சுக் கிழங்கைத்தான் பரப்பினார்கள். அந்தப் பணிக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் பக்கத்திலும் திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. காய்கறிக் கடைக்காரரிடம் ஆரஞ்சுக் கிழங்கு வேண்டும் என்று கேட்டு வையுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் சந்தைக்கு வரும். பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பும் வேண்டும் என்பதால், மசித்த கிழங்கில் ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல் போட்டுக் கொடுங்கள்.

கூன்வண்டு துளைத்த கிழங்கை மட்டும் வாங்காதீர்கள். கறுத்து, வாயில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு நச்சுப்பொருள், அவித்தாலும் போகாது. குழந்தைக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒரு துண்டு சுவைத்துப் பாருங்கள். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், நடுவில் வேகாமல் கட்டியாகிவிடும்.

மாமியாருக்கு முதல் முறை கொடுக்கும்போது 100 கிராமுக்கு மேல் போகாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள். இந்தக் கிழங்கில் பொட்டாசியம் அதிகம். அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.