மலை இறங்கும் வண்டியும் இரண்டாவது பெட்டியும்

கிராமத் தொழில்நுட்பப் பாடம்: ட்ரான்ஸ்பர் பெட்டியின் பழுதை அறிதலும் திருத்துதலும்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. அதே மழை நாட்களில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வீடு ஓரிடத்தில், தேயிலையும் மிளகும் மரக்கறிப் பாத்தியும் வேறிடத்தில். நடுவே கல்லும் சேறுமான மலைப்பாதை. கொழுந்து மூட்டையை இறக்குவதும், பசளையை ஏற்றுவதும், நோயாளியை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் சங்கத்தின் ஒரே ஒரு நான்கு சில்லு இயக்க வண்டிதான் என்ற நிலை பல இடங்களில் உண்டு. ஆகவே அந்த வண்டியைப் பற்றிய அறிவு சாரதிக்கு மட்டும் உரியதல்ல. அதில் ஏறுகிற எல்லோருக்கும் உரியது.

இப்பாடத்தில் பழைய லான்ட் ரோவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமாகி, 'சீரிஸ்' வகையில் 1985 வரை செய்யப்பட்ட இவ்வண்டி தோட்டப் பாதைகளுக்கு நன்கு பழக்கமானது. இதன் அமைப்பை விளங்கிக்கொண்டால் மற்ற ஜீப் வகைகளையும் விளங்கிக்கொள்வது எளிது.

1. இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

என்ஜினுக்குப் பின்னால் கியர் பெட்டி. அதன் பின்னால் இன்னொரு பெட்டி. அதுவே ட்ரான்ஸ்பர் பெட்டி. இதற்கு இரண்டு வேலைகள். என்ஜினின் சக்தியை முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ஒன்று. 'ஹை', 'லோ' என்ற இரண்டு வேகங்களைத் தருவது மற்றது. லோவில் வண்டியின் வேகம் ஏறக்குறைய பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரு மடங்காகும்.

இழுவை என்றதும் நாம் ஏற்றத்தையே நினைக்கிறோம். உண்மையில் இப்பெட்டி நம்மைக் காப்பது இறக்கத்தில்தான். லோவில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. பெட்டி நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அந்தப் பிடி முழுவதும் அறுந்துபோகும். பிரதான கியர் லீவர் முதலாம் கியரில் இருந்தாலும் பயனில்லை. மிஞ்சுவது பிரேக் மட்டுமே. நெடிய இறக்கத்தில் சூடேறிய பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

2. பழுதல்லாத பழுதுகள்

கராஜுக்குப் போகுமுன் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மஞ்சள் குமிழ். லான்ட் ரோவரில் மஞ்சள் குமிழைக் கீழே அழுத்தினால் ஹையில் நான்கு சில்லு இயக்கம் விழும். மேலே இழுத்தால் அது விடுபடாது. வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் லோவுக்கு இழுத்து, திரும்ப முன்னால் ஹைக்குத் தள்ளினால் மஞ்சள் குமிழ் தானாக எழும்பும். இதை அறியாமல் "பெட்டி இறுகிவிட்டது" என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டாவது, முன் சில்லுகளின் ஹப். சில வண்டிகளில் முன் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டவும் விடுவிக்கவும் முடியும். அது விடுபட்டிருந்தால் பெட்டி நன்றாக இருந்தாலும் முன் சில்லு இழுக்காது.

மூன்றாவது, தார் வீதி. இரண்டு பேர் நீண்ட மரமொன்றைத் தோளில் சுமந்து வளைவில் திரும்பும்போது முன்னே போகிறவர் கூடுதலான தூரம் நடக்கிறார். வண்டியிலும் அப்படியே. சேற்றில் சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் வீதியில் வழுக்க முடியாது. இறுக்கம் முழுவதும் பெட்டிக்குள் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் அசையாது. சில அடி பின்னால் எடுத்தால் இறுக்கம் தளரும். ஆகவே அவிசாவளை வீதியில் ஏறியதும் இரண்டு சில்லு இயக்கத்துக்கு மாறிவிட வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

3. திறக்கும் முன் ஐந்து சோதனைகள்

அ) கண்ணால் பார்த்தல்: பெட்டியின் அடியிலும், பின்புறத்தில் கை பிரேக் டிரம் உள்ள இடத்திலும் ஒயில் கசிகிறதா? லான்ட் ரோவரின் கை பிரேக் சில்லில் இல்லை. அது இப்பெட்டியின் பின்புற ஷாஃப்ட்டில் இருக்கிறது. அங்குள்ள சீல் கசிந்தால் ஒயில் பிரேக் லைனிங்கில் ஊறி, மலையில் நிறுத்திய வண்டி நிற்காது. சின்னக் கசிவு என்று இதை விட்டுவைக்கக் கூடாது.

ஆ) ஒயில்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்ற வேண்டும். அது கழலுமென்று உறுதியான பின்னரே அடிப் பிளக்கைக் கழற்றலாம். இல்லையேல் வடித்த பெட்டிக்கு ஒயில் ஊற்ற வழியிருக்காது. ஒயில் பால் நிறமானால், ஆறு கடக்கும்போது தண்ணீர் புகுந்துள்ளது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் அது வழமையான தேய்மானம். இரும்புத் துண்டு ஒட்டினால் பல் உடைந்திருக்கலாம், பேரிங் நொறுங்கியிருக்கலாம். மஞ்சள் துகள் மின்னினால் வெண்கல வாஷரோ புஷ்ஷோ தேய்கிறது. பெட்டியில் ஒயில் கூடி, முன்னாலுள்ள கியர் பெட்டியில் ஒயில் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போய்விட்டது என்று அறியலாம்.

இ) ஷாஃப்ட்: சில்லுகளுக்குக் கல் அடை கொடுத்து, இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்களையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். புறப்படும்போது 'டங்' என்று கேட்கும் சத்தம் பலமுறை தேய்ந்த குறுக்கு மூட்டிலிருந்தே வருகிறது. பின் டிரம்மை மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், பெட்டியின் பின்புறப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஈ) நின்றபடி கேட்டல்: கல் அடை கொடுத்து, கை பிரேக்கை இழுத்து, சாரதி பிரேக்கில் கால் வைத்தபடி இருக்க வேண்டும். வண்டியின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு லீவர்களும் நியூட்ரலில் இருக்க, கிளட்சை விட்டபின் கேட்கும் இரைச்சல் கியர் பெட்டியினுடையது. பிறகு சிவப்பு லீவரை நியூட்ரலில் வைத்தபடியே பிரதான லீவரை நான்காம் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட வேண்டும். வண்டி நகராது. இப்போது புதிதாகச் சேரும் சத்தம் பெரும்பாலும் பெட்டியின் நடுக் கியரிலிருந்து வருவது.

உ) ஓடியபடி கேட்டல்: முதல் மூன்று கியர்களில் மட்டும் கேட்டு, நான்காம் கியரில் மறைந்தால் பழுது கியர் பெட்டியில். நான்கு கியரிலும் கேட்டு வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் ட்ரான்ஸ்பர் பெட்டியிலோ, ஷாஃப்ட்டிலோ, டிஃபரன்ஷியலிலோ. நின்றபடி கேட்காமல் ஓடும்போது மட்டும் கேட்டால், பெட்டியிலிருந்து வெளியேறும் ஷாஃப்ட்டையும் அதற்குப் பின்னுள்ளவற்றையும் பார்க்க வேண்டும்.

4. லீவர் தானாகக் கழன்றால்

பழுதுகளில் மிக ஆபத்தானது இதுவே. பாரத்துடன் இறங்கும்போது சிவப்பு லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். சில இடங்களில் லீவரை இறப்பர் பட்டியாலோ கயிற்றாலோ கட்டி ஓட்டுகிறார்கள். கயிறு லீவரைப் பிடிக்கிறது, உள்ளே தேய்ந்த பல்லைப் பிடிப்பதில்லை. அந்தப் பல் இன்னும் தேய்ந்து, ஒருநாள் பாரம் கூடிய இறக்கத்தில் முற்றாக நழுவும். ஆகவே ஒரே ஒரு முறை தானாகக் கழன்றாலும், திருத்தும் வரை அந்த வண்டியில் ஆட்களை ஏற்றுவதில்லை என்று சங்கம் தீர்மானிக்க வேண்டும். இதில் சாரதியின் துணிச்சலுக்கும் அவசரத்துக்கும் இடமில்லை.

இறக்கத்தில் கழன்றுவிட்டால் லீவரோடு போராடக் கூடாது. கால் பிரேக்கை உறுதியாக அழுத்தி நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்த பின்னரே ஆட்களை இறக்க வேண்டும். பிரேக் போதாவிட்டால் பள்ளப் பக்கம் விடாமல் மலைப் பக்க மண்மேட்டோடு வண்டியைச் சாய்க்க வேண்டும்.

காரணத்தைச் செலவு குறைந்ததிலிருந்து தேட வேண்டும். என்ஜினையும் பெட்டியையும் தாங்கும் இறப்பர் உடைந்து, லீவர் தளத்தகட்டில் முட்டுகிறதா? இணைப்புக் கம்பிகள் தளர்ந்துள்ளனவா? லீவரை நிலையில் நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்துள்ளனவா? இம்மூன்றும் சரியானால்தான் உள்ளேயுள்ள கவை, பேரிங், பல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. திருத்தும்போது

ஒயில் மாற்றுவதும், மேலேயுள்ள காற்றுத் துவாரத்தைத் துப்புரவாக்குவதும் நாமே செய்யக்கூடியவை. அத்துவாரம் சேற்றால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, புதிய சீலும் கசியும். சீரிஸ் வண்டியின் பெட்டிக்குச் சுமார் இரண்டரை லீற்றர் 90 இலக்கக் கியர் ஒயில் வேண்டும். வேறு வண்டிகளுக்கு அவற்றின் கைநூலைப் பார்க்க வேண்டும். சங்கிலியால் இயங்கும் சில ஜப்பானியப் பெட்டிகளுக்கு வேறு வகை ஒயில் தேவை.

சீல் மாற்றுமுன் அது உரசும் பிளேஞ்சை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் நிலைக்காது. ஒயில் ஊறிய பிரேக் லைனிங்கையும் மாற்ற வேண்டும். நடுக் கியர், பேரிங் வேலை அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு உரியது. எனினும் அடித்தட்டைக் கழற்றியதும் கியர் பற்களை நாமும் பார்க்கலாம், பார்க்கக் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் கை பிரேக் வண்டியைப் பிடிக்காது. ஒரு பின் சில்லை ஜாக்கால் தூக்கினாலும் பிடிக்காது. கல் அடை கொடுக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

6. சங்கத்தின் பங்கு

"முழுப் பெட்டியையும் மாற்றுங்கள்" என்று கேட்டதும் பணம் திரட்டக் கூடாது. எந்தச் சோதனையில் எது தெரிந்தது என்று கேட்க வேண்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பி வாங்க வேண்டும். ஒயில் மாற்றிய நாள், கசிவு, சத்தம், செலவு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். சாரதி மாறினாலும் கொப்பி மாறாது.

மேற்கு வங்காளத்தின் மானேபஞ்ஜங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பூ வரை 1950களின் லான்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றின. தொழிற்சாலை கைவிட்ட பின்னும் அவற்றை ஓடவைத்தது அவ்வூர்ச் சாரதிகளின் கைப்பழக்கமே. நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு இன்னொரு வண்டி வாங்குவது எளிதல்ல. இருக்கிற வண்டியை அறிந்து வைத்திருப்பது நம்மால் முடியும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது வண்டியின் லீவர் எப்போதாவது தானாகக் கழன்றதுண்டா? அன்று என்ன செய்தோம்?
2. வண்டி பாதுகாப்பற்றது என்றால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அவருக்கு நாம் துணை நிற்போமா?
3. வண்டி திருத்தத்தில் இருக்கும் நாட்களில் நோயாளியையும் கொழுந்தையும் கொண்டுசெல்ல இப்போதே என்ன ஏற்பாடு செய்யலாம்?
4. இத்தொழிலைக் கற்க நமது இளைஞர், யுவதிகளில் இருவரை அனுப்ப முடியுமா?